கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் செல்பவர்

(பொதுக்காலம் 23ஆம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. மணவாளக்குறிச்சிப் பகுதியில் பிறந்து வளர்ந்த அருள்தந்தை ஒருவர் ஆற்றியது. பங்கு மக்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம்.)

வாசகங்கள்: எசாயா 35:4-7, யாக்கோபு 2:1-5, மாற்கு 7:31-37



ஞாயிறு திருப்பலி நேரத்தில் எங்கள் கடற்கரை ஊர்களில் எந்தக் கோவிலுக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். உள்ளே இடம் இருக்கும். ஆனாலும் சிலர் வெளியே மரத்தடியில், மதிலோரத்தில், கொடிமரத்துக்குப் பின்னால் நிற்பார்கள். நற்கருணை வாங்கும் நேரத்தில்கூட உள்ளே வரமாட்டார்கள். பங்குத்தந்தையர்கள் பலமுறை ஒலிபெருக்கியில் அழைத்திருக்கிறோம், கண்டித்தும் இருக்கிறோம். "பக்தி இல்லாதவர்கள், சோம்பேறிகள்" என்று நானும் ஒருகாலத்தில் சொன்னதுண்டு.

அவர்களில் சிலர் சோம்பலால் நிற்கவில்லை, பயத்தால் நிற்கிறார்கள். நடுவழியில் நடந்துபோனால் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்களே என்ற பயம். சமாதானம் சொல்லக் கைகூப்பும்போது கை நடுங்குமே என்ற பயம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அப்படி நின்றவன். இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

இன்றைய முதல் வாசகத்தைக் கவனியுங்கள். இறைவாக்கினர் எசாயா முதலில் யாரிடம் பேசுகிறார்? பார்வையற்றோரிடம் அல்ல, கால் ஊனமுற்றோரிடமும் அல்ல. அவர்களைப் பற்றிப் பிறகுதான் சொல்கிறார். முதலில் அவர் பேசுவது உள்ளம் நடுங்குகிறவர்களிடம். அஞ்சாதீர்கள், கடவுள் வருகிறார் என்று அவர்களுக்குத்தான் முதல் செய்தி போகிறது.

நற்செய்தியிலே, காது கேளாத, நா தடுமாறுகிற ஒருவரை இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். பேச முடியாமல் திணறுகிறவர் என்பதற்கு மாற்கு ஒரு கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார்: மொகிலாலோஸ். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் இந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலோ, இன்று நாம் கேட்ட எசாயா 35ஆம் அதிகாரத்தில் வருகிறது. எசாயா சொன்ன அந்த நாள் இதோ வந்துவிட்டது என்று மாற்கு நமக்குச் சுட்டிக்காட்டுகிறார்.

அந்த மனிதருக்கு இருந்தது உடல் குறை. நான் பேசப்போவது வேறொன்று: காது நன்றாகக் கேட்கும், நாக்கும் நன்றாக இருக்கும், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இயேசு அவரைக் குணமாக்கிய விதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மூன்று செயல்களைப் பாருங்கள். அவரைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போனார். விரலாலும் உமிழ்நீராலும் அவர் உடலைத் தொட்டார். பிறகு, திறக்கப்படு என்று சொல்லி, அவரை மறுபடியும் மனிதர் நடுவே பேச வைத்தார். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சிந்திப்போம்.

முதலாவது, தனியே அழைத்துச் சென்றார்.

எனக்கு 11 வயது இருக்கும். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் இரண்டாம் வாசகம் வாசிக்க என்னைச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாக வீட்டில் வாசித்துப் பழகினேன். ஒரு எழுத்துப் பிசகாது. ஆனால் வாசக மேடையில் ஏறி நிமிர்ந்து பார்த்தேன். கோவில் நிறைய முகங்கள். புத்தகத்தில் எழுத்துகள் கலங்கின. நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் உலர்ந்துவிட்டது. முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். உபதேசியார் வந்து என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, மீதியை அவரே வாசித்து முடித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மை சொன்னாள்: "போட்டு மக்களே, அடுத்த தடவ நல்லா வாசிச்சிரலாம்." ஆனால் அடுத்த தடவை என்று ஒன்று வர நான் விடவில்லை. பள்ளியில் எழுந்து நின்று பதில் சொல்லமாட்டேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரமாட்டேன். குருமடத்தில் சேர்ந்தபிறகும் படிப்பில் முதல், பிரசங்கப் பயிற்சியில் கடைசி. அன்றைக்கு மட்டும் எனக்குக் காய்ச்சல் வரும்.

குருவானபின் அது முற்றிப்போயிற்று. சனிக்கிழமை மாலையிலேயே வயிறு கலங்கும். இரவு தூக்கம் இராது. திருக்கிண்ணத்தை உயர்த்தும்போது கை நடுங்கும். அதைப் பார்த்த சிலர், "புது பாதருக்குக் குடிப்பழக்கம் உண்டு போல" என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தது. பிறகு நடுக்கம் இரட்டிப்பாயிற்று.

நான் என்ன செய்தேன்? செபித்தேன். நோன்பிருந்தேன். தியானங்களுக்குப் போனேன். என் அழைத்தலே தவறோ என்று அழுதேன். எனக்காகச் செபித்த ஒருவர், இது அசுத்த ஆவியின் கட்டு என்றார். அந்தச் சொல் என்னைக் குணமாக்கவில்லை, இன்னும் ஒளிந்துகொள்ளவே செய்தது.

ஒருநாள் வயதான குரு ஒருவர் என்னை மட்டும் கடற்கரைக்கு நடக்க அழைத்துப்போனார். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். "இது இல்லாமல் என்னால் பூசைப் புத்தகத்தை வாசிக்க முடியாது. இதைப் போடுவதால் என் விசுவாசம் குறைந்துபோயிற்றா?" என்றார். "உனக்கு ஒரு நோய் இருக்கிறது தம்பி. அதற்கு மருத்துவர் இருக்கிறார். நானும் கூட வருகிறேன்" என்றார். அவ்வளவுதான். கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்ற இயேசுவை அன்று நான் அவரில் கண்டேன்.

அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பாதி ஆறுதலாக இருந்தது. சமூகப் பதற்ற நோய் என்கிறார்கள். சமூக அச்சம் என்றும் சொல்வதுண்டு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பெற்றது. பெரும்பாலும் 20 வயதுக்கு முன்பே, வளரும் பருவத்தில் தொடங்கிவிடுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். கூச்ச சுபாவம் நோயல்ல. அமைதியான பிள்ளையை யாரும் மாத்திரை கேட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஆனால் பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் ஆறு மாதத்துக்கும் மேலாக விடாமல் பிடித்து, படிப்பை நிறுத்தினால், வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால், கல்யாணத்தைத் தள்ளிப்போட வைத்தால், கோவிலுக்கு உள்ளே வரவிடாமல் செய்தால், அது சுபாவம் அல்ல. அதற்கு உதவி தேவை.

உள்ளே என்ன நடக்கிறது? நம் கடற்கரைக்குத் தெரிந்த ஓர் உவமை சொல்கிறேன். புயல் வருமென்றால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் கூண்டு என்றால் தூரத்தில் ஏதோ இருக்கிறது, பத்தாம் எண் என்றால் பேராபத்து. நம் மூளைக்குள்ளும் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டால் கூண்டு ஏற்றுவது அதன் வேலை. உடனே இதயம் வேகமாக அடிக்கும், கை வியர்க்கும், வாய் உலரும். ஓடவோ போராடவோ உடல் தயாராகிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு, நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே, அந்தச் சின்னக் காற்றுக்கே, பத்தாம் எண் கூண்டு ஏறிவிடுகிறது. கூண்டு பொய் சொல்கிறது. ஆனால் அந்த நடுக்கம் பொய்யல்ல. "சும்மா பயப்படாதே" என்று சொல்வதால் கூண்டு இறங்காது.

இரண்டாவது, இயேசு அவர் உடலைத் தொட்டார்.

ஒரு வார்த்தை சொல்லி, தூரத்திலிருந்தே குணமாக்க அவரால் முடியும். இதே அதிகாரத்தில் சற்று முன்னால், சீரிய பெனிசியப் பெண்ணின் மகளை நேரில் பார்க்காமலே குணமாக்கினார். ஆனால் இங்கே விரலைக் காதில் வைக்கிறார், உமிழ்நீரால் நாவைத் தொடுகிறார். அக்காலத்தில் உமிழ்நீரை மருந்தாகக் கருதினார்கள். கடவுளின் மகன் மருந்தை இழிவாக நினைக்கவில்லை.

சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே, அறிவுள்ளவர் அதைப் புறக்கணிக்கமாட்டார் என்கிறது. நோயுற்றால் செபி, பாவத்தைவிட்டு விலகு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு என்று வரிசையாகச் சொல்கிறது. செபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்துவது நாம்தான், விவிலியம் அல்ல.

அப்படியானால் மருந்து என்ன செய்யும்? எனக்கு மருத்துவர் விளக்கியதையும் நான் அனுபவித்ததையும் சொல்கிறேன். இதைக் கேட்டுவிட்டு யாரும் மருந்துக் கடைக்குப் போக வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த நோய்க்கு முதலில் தரப்படுபவை பொதுவாக எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், பராக்சிட்டின் போன்ற மாத்திரைகள். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டை இவை சீர்செய்கின்றன. தலைவலி மாத்திரைபோல அரை மணி நேரத்தில் வேலை செய்யாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முழுப் பலனுக்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். ஆனால் பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும். எனக்குக் குமட்டலும் தூக்கக் குறைவும் வந்தன. பலன் பின்னால், தொல்லை முன்னால். அதனால்தான் பலர் பத்தாம் நாளே மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். இளைஞர்களுக்கு ஆரம்ப வாரங்களில் மனம் அதிகமாகக் குழம்பினாலோ, சாகலாம் என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆறாவது வாரம் போல ஒரு சனிக்கிழமை இரவு நான் தூங்கினேன். அவ்வளவுதான் அற்புதம். பயம் போய்விடவில்லை. பத்தாம் எண் கூண்டு ஐந்தாம் எண்ணுக்கு இறங்கியிருந்தது. ஐந்தில் கடலுக்குப் போகாவிட்டாலும், கரையில் நின்று வலையாவது சரிபார்க்கலாம் அல்லவா?

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் மாதம், "இப்போது நன்றாக இருக்கிறதே, இனி எதற்கு மாத்திரை? குருவானவன் மருந்தை நம்பலாமா?" என்று யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். மூன்றே நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் தொட்டதுபோல் உணர்வு. சில வாரங்களில் பழைய பயமும் திரும்பியது. வெட்கத்தோடு மருத்துவரிடம் போனேன். அவர் திட்டவில்லை. இந்த மாத்திரைகள் சாராயம்போல் ஏக்கம் உண்டாக்குபவை அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடல் தடுமாறும், நலமானபின்னும் பல மாதங்கள் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று விளக்கினார். அப்படியே செய்தேன். ஒரு வருடத்துக்கும் மேல் ஆயிற்று.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள். உடனே மனதை அடக்கும், அதனாலேயே பழக்கமாகிவிடும். "அவனுக்குக் கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று தா" என்று வாங்கிப் போடாதீர்கள். மேடை நடுக்கத்துக்குச் சிலருக்குப் புரோப்ரனலால் தருவார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அடுத்த வீட்டு மாத்திரை உங்கள் மாத்திரை அல்ல.

இரண்டாவது, நம் ஊரில் எந்தச் சீட்டும் இல்லாமல் கிடைக்கும் ஒரு மருந்து இருக்கிறது. அதன் பெயர் சாராயம். "ஒரு கிளாஸ் உள்ளே போனால்தான் நாலு பேரிடம் பேச வரும்" என்று கல்யாண வீட்டில் ஆரம்பித்த தம்பிமார் எத்தனை பேர்! அவர்களைக் குடிகாரர் என்கிறோம். அந்த முதல் கிளாஸுக்குப் பின்னால் இருந்த பயத்தை யாராவது கேட்டோமா? குடி அந்தப் பயத்தை ஓர் இரவுக்கு அடகு வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் வட்டியோடு திருப்பித் தருகிறது.

மூன்றாவது, திறக்கப்படு என்றார்.

எப்பத்தா என்ற அந்தச் சொல்லை மாற்கு இயேசுவின் தாய்மொழியிலேயே பதிவு செய்திருக்கிறார். நம் திருமுழுக்குச் சடங்கிலும் குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் பகுதி இதிலிருந்துதான் வந்தது. நம்மில் எத்தனையோ பேருக்கு அந்தச் சடங்கு நடந்திருக்கிறது.

மாத்திரை கதவின் பூட்டைத் தளர்த்தும். கதவைத் தள்ளித் திறந்து வெளியே காலெடுத்து வைப்பது நாம்தான். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதல்முறை வள்ளத்தில் போகும் பையனை யாரும் ஆழ்கடலுக்கு அனுப்பமாட்டார்கள். முதலில் கரையில் வலை இழுக்க விடுவார்கள். பிறகு திரை அமர்ந்த நாளில் கொஞ்ச தூரம். அதுபோல, குறைந்த பயத்திலிருந்து கூடிய பயம்வரை ஒரு ஏணி எழுதச் சொன்னார் என் மருத்துவர்.

என் ஏணியைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். முதல் படி, கடையில் போய் ஒரு பொருளின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புவது. இரண்டாவது, பேருந்தில் நடத்துநரிடம் சத்தமாக இடம் கேட்டு டிக்கெட் வாங்குவது. மூன்றாவது, முன்பின் தெரியாத ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுவது. நான்காவது, வாரநாள் திருப்பலியில் எழுதி வைக்காமல் இரண்டு நிமிடம் பேசுவது. ஐந்தாவது, அன்பியக் கூட்டத்தில் கருத்துரை. ஆறாவது, அடக்கத் திருப்பலி. ஏழாவது படியில்தான் ஞாயிறு மறையுரை இருந்தது.

ஒவ்வொரு படியிலும் ஒரு விதி: பயம் ஏறும்போது ஓடக் கூடாது. அலை எழும், உச்சிக்குப் போகும், தானாகவே இறங்கும். இறங்கும்வரை அங்கேயே நில். பாதியில் ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று மூளை கற்றுக்கொள்ளும். நின்றால், இது புயல் அல்ல என்று கற்றுக்கொள்ளும். அந்தப் படி சலிப்பாகும்வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

இன்னும் சில சிறு உதவிகள். முதலாவது, ஒளிந்துகொள்ளும் தந்திரங்களை ஒவ்வொன்றாக விடுவது. தாமதமாக வந்து முன்னதாகப் போவது, தூணுக்குப் பின்னால் உட்காருவது, பேசுபவர் முகத்தைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்ப்பது எல்லாம் அந்தத் தந்திரங்கள்தான். இரண்டாவது, கவனத்தை உன்னிடமிருந்து எதிரே இருப்பவரிடம் திருப்புவது. என் கை நடுங்குகிறதா என்று பார்க்காமல், இந்த அம்மாவின் கண்ணில் என்ன கவலை என்று பார்ப்பது. மூன்றாவது, போகுமுன் எதற்குப் பயப்படுகிறாய் என்று ஒரு தாளில் எழுதுவது, வந்தபின் என்ன நடந்தது என்று எழுதுவது. "எல்லோரும் சிரிப்பார்கள்" என்று எழுதினேன். "ஒரு பாட்டி தூங்கினார்கள்" என்று நடந்தது. நான்காவது, இரவில் படுத்துக்கொண்டு, அப்படிச் சொன்னேனே, இப்படி உளறினேனே என்று அன்றைய பேச்சைக் கூறுபோட்டுப் பார்க்கும் பழக்கத்தை நிறுத்துவது. அந்த நேரத்துக்குச் செபமாலை எவ்வளவோ மேல்.

மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டவர்களில் நாடே அறிந்த ஒருவர் உண்டு. கன்னியாகுமரியில் காந்தி மண்டபம் பார்த்திருப்பீர்கள். அந்தக் காந்தியடிகள்தான். இலண்டனில் படித்தபோது எழுதிக்கொண்டுபோன உரையைக்கூட அவரால் வாசிக்க முடியவில்லை. கண் மங்கியது, உடல் நடுங்கியது, வேறொருவர் வாசித்தார். 1891இல் நாடு திரும்பியபின் பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இதையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1893இல் பிரிட்டோரியாவில், ஒரு கூட்டத்தில், நன்கு தயாரித்த ஒரு பொருளைப் பற்றி முதல்முறையாகப் பேச முடிந்தது. ஒரேயடியாக அல்ல, படிப்படியாகத்தான் அவருக்கும் வாய் திறந்தது.

அன்பானவர்களே, இதுவரை பயப்படுகிறவர்களிடம் பேசினேன். இனி மற்ற எல்லோரிடமும் பேசுகிறேன். இன்றைய இரண்டாம் வாசகத்தில் திருத்தூதர் யாக்கோபு, சபைக்குள் பொன் மோதிரம் போட்டவர் வந்தால் நல்ல இடம் கொடுத்து, ஏழை வந்தால் அங்கே நில் என்கிறீர்களே என்று கண்டிக்கிறார். ஆளைப் பார்த்து அளக்கும் அந்தக் கண்தான் அவருக்குப் பிரச்சினை. பயந்த மனிதரும் அந்தக் கண்ணுக்குத்தான் பயப்படுகிறார்.

பல நாள் கழித்து ஒருவர் கோவிலுக்கு வந்தால், "என்ன, மழை கொட்டப்போகுதா? அதிசயமா வந்திருக்க!" என்று உரக்கச் சொல்கிறோம். வேடிக்கையாகத்தான் சொல்கிறோம். அடுத்த வாரம் அவர் வரமாட்டார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், "பாட்டுப் பாடு, ரைம் சொல்லு" என்று பிள்ளையை நடுவில் நிறுத்தி, சொல்லாவிட்டால் "இதுக்கு வாயே கிடையாது" என்று அவர்கள் முன்னாலேயே சொல்கிறோம். பெண் பார்க்க வந்த இடத்தில் தலை நிமிராத பிள்ளையை "ஊமையோ?" என்று கேட்கிறோம். வாசகம் வாசிப்பவர் ஒரு சொல் தடுமாறினால் முன் வரிசையில் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பை நான் 20 ஆண்டுகள் சுமந்தேன்.

நாம் செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. அன்பியக் கூட்டத்தில் முன்னறிவிப்பின்றி ஒருவர் பெயரைச் சொல்லி எழுப்பாதிருக்கலாம். முதல்முறை வாசகம் வாசிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் துணையாக இன்னொருவரை நிறுத்தலாம். திக்குவாய் என்று தயங்கிய மோசேக்கு ஆரோனைத் துணையாகக் கொடுத்தவர் நம் கடவுள். ஒப்புரவு அருள்சாதனத்துக்கு நேருக்கு நேர் உட்கார அஞ்சுகிறவர்கள் தடுப்புக்குப் பின்னால் இருந்தே பாவசங்கீர்த்தனம் செய்யலாம். விரும்புகிறவர்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 964ஆம் பிரிவே சொல்கிறது.

நற்செய்தியின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது. நடந்ததை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறார் இயேசு. குணமானவரை மேடையேற்றிக் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. ஒருவர் மருத்துவரைப் பார்க்கிறார் என்று தெரிந்தால், அது நம்மோடு நிற்கட்டும். அது மீன்சந்தைக்கும் கல்யாணத் தரகருக்கும் போக வேண்டியதில்லை.

பெற்றோரே, "மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்பார்கள், பிறகு சம்பந்தம் கூடிவராது" என்று தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கத்தின் விலையை உங்கள் பிள்ளை கட்டுகிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமானால் 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்ற இந்த இலவசச் சேவையை மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழில் பேசலாம். உங்கள் முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நம் உரிமை.

நான் இன்று மாத்திரை சாப்பிடுவதில்லை. நாளை மறுபடி தேவைப்பட்டால் சாப்பிடுவேன். சனிக்கிழமை மாலையில் வயிறு இப்போதும் கொஞ்சம் கலங்கும். இதோ இந்த ஒலிப்பதிவு அறையில் பேசும்போதும் உள்ளங்கை ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசுகிறேன். பயம் இல்லாமல் பேசுவதல்ல, பயத்தோடும் பேசுவதே எனக்குக் கிடைத்த எப்பத்தா.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மகனே, மகளே, கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்கிறாயா? ஆண்டவர் உன்னை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க வரவில்லை. உன் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போக வருகிறார். இந்த வாரம் உனக்கு ஒரே ஒரு படி. நீ நம்புகிற ஒருவரிடம், "எனக்கு ஆட்களைக் கண்டால் பயமாக இருக்கிறது" என்று சொல். அவ்வளவு போதும். அடுத்த ஞாயிறு மரத்தடியில் நின்றாலும் பரவாயில்லை, ஓரடி மட்டும் வாசலுக்குப் பக்கத்தில் வந்து நில்.

செபிப்போம். வானத்தை அண்ணாந்து பார்த்து எங்களுக்காகப் பெருமூச்சுவிட்ட ஆண்டவரே, மனிதரைக் கண்டு அஞ்சும் உம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். மருத்துவர்களின் கையையும் மருந்தையும் ஆசீர்வதியும். எங்கள் கண்களிலிருந்து ஏளனத்தை எடுத்துப்போடும். எங்கள் காதுகளைத் திறந்தருளும், அப்போது இவர்கள் வாய்திறந்து பேசுவார்கள். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.